பீரங்கிக் குண்டின் பூட்டும் சாவியும்: கேள்வி பதில்

திருச்சி மாணவர்: தட்டினால் குண்டை வெடிக்க வைக்கும் பியூஸ் என்ற கருவி குண்டின் மூக்கிலேயே இருக்கும்போது, முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் குண்டுகள் வண்டியில் குலுங்கியே வெடித்திருக்க வேண்டாமா சார்?

பதில்: அதற்குத்தான் உள்ளே பூட்டு. சாவி பீரங்கிக் குழலுக்குள்தான் கிடைக்கும். டவுன் பஸ் வெடுக்கென்று கிளம்பினால் நிற்கிறவர்கள் பின்னால் சாய்கிறோமே, அதே விசை பல்லாயிரம் மடங்காக. 1915-இல் வந்த 100-ஆம் எண் பியூஸில், சுட்ட வேகத்தில் ஒரு சிறு முளை ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு பின்வாங்கும். அது ஒதுங்கினால்தான் அடுத்த தாழ்ப்பாளுக்கு வழி. அதை வெளியே தள்ளுவது குண்டின் சுழற்சி. ராட்டினத்தில் உடம்பு வெளிப்பக்கம் போகுமே, அப்படி. வண்டி எவ்வளவு குலுங்கினாலும் இந்த இரண்டும் அடுத்தடுத்து நடக்காது.

இன்னொருவர்: பூட்டு திறந்தபின் வானத்திலேயே வெடிக்காதா?

பதில்: காற்று குண்டை இழுத்துப் பிடிப்பதால், தாழ்ப்பாளிலிருந்து விடுபட்ட, வெடிப்பைத் தூண்டும் துண்டு முன்னால் நழுவப் பார்க்கும். ஒரு மெல்லிய ஸ்பிரிங் அதைத் தடுக்கும். தரையில் மோதும்போது ஸ்பிரிங் தோற்றுவிடும்.

வரலாற்று ஆசிரியை: சுழலாத பழைய உருண்டைக் குண்டுகளில்?

பதில்: 19-ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் அதிகாரி பாக்ஸரின் மரப் பியூஸைப் பற்ற வைத்ததே குழலுக்கும் குண்டுக்கும் இடையே பாய்ந்த சுடர்தான். 1860-களின் பெட்மேன் பியூஸில் ஓர் ஈயக் கிண்ணம் உள்ளிருந்த உருண்டையைப் பிடித்திருக்கும். சுடும் அதிர்ச்சியில் நசுங்கி விட்டுவிடும். அப்போதே சாவி அதுதான்!

மதுரை வாசகர்: 106-ஆம் எண் பியூஸை ஏன் இவ்வளவு புகழ்கிறார்கள்?

பதில்: என் கட்சியும் அதுதான். பழையவை சேற்றில் புதைந்தபின் வெடித்துப் பள்ளம்தான் தோண்டின. எதிரியின் முள்கம்பி வேலி அப்படியே நின்றது. 106 தொட்டவுடன் வெடிக்கும். 1917 ஏப்ரலில் பிரான்சில் நடந்த அராஸ் போரில் இதை ஏராளமாகப் பயன்படுத்தினார்கள். இவ்வளவு கூச்சமுள்ள பியூஸுக்குக் காவல் ஒரு நாடா! மோதும்போது உள்ளே அடித்து வெடிக்க வைக்கும் சுத்தியலின் கழுத்தில் சுற்றியிருக்கும். மேலே ஒரு மூடி. குண்டைப் போடுமுன் மூடியைக் கழற்றுவார்கள். குழலுக்குள் சுத்தியலே நாடாவை அமுக்கிக்கொள்ளும். வெளியே வந்ததும் சுழற்சியில் நாடா அவிழ்ந்து பறந்துவிடும். அப்புறம் ஒரு மெல்லிய கம்பி மட்டும் மிச்சம், மோதினால் அறுந்துவிடும். நாடா சீக்கிரமே அவிழ்ந்தால் சுட்டவர்களுக்கே ஆபத்து. பின்னாளில் உள்ளே ஒரு தடுப்புக் கதவும் சேர்த்தார்கள்.

பெல்ஜியம் சுற்றுலா செல்பவர்: அங்கே வயலில் இன்றும் குண்டு கிடைக்கிறதாமே, பூட்டு இருப்பதால் தொடலாமா?

பதில்: கூடவே கூடாது! சுட்டும் வெடிக்காமல் விழுந்த குண்டு அது. பூட்டெல்லாம் நூறு வருடம் முன்பே திறந்தாகிவிட்டது.