‘சொதப்பிடுச்சு’ன்னா எது சொதப்புச்சு?

கேள்வி: எனக்கு வயது 43. பெரம்பூரில் அம்மா, மனைவி, மகளோடு இருக்கிறேன். மனைவியும் வேலைக்குப் போகிறாள். அம்மாவுக்குக் காலையும் ராத்திரியும் 20 யூனிட் இன்சுலின். ஆறு வருஷமாக மனைவிதான் ஊசி போடுகிறாள். சமீபத்தில் அம்மாவுக்குச் சர்க்கரை 340-ஐத் தாண்டிவிட்டது. டாக்டர் வேளைக்கு 26 ஆக்கினார். பார்க்க வந்த தங்கையும் மாப்பிள்ளையும் “எப்படி ஆச்சு?” என்று கேட்டார்கள். “ஒரு ஊசி போடறதையும் சொதப்பி வெச்சிருக்கா” என்றேன். பன்னிரண்டு நாளாக மனைவி என்னோடு பேசவில்லை. சமையல், ஊசி எல்லாம் நடக்கிறது, பேச்சு மட்டும் இல்லை. என் பக்கமும் சின்னதாக ஒன்று உண்டு. மூன்று வாரம் முன்னால் மருந்துப் பெட்டி வாங்கி வந்தபோது, கெடக்கூடாதே என்று ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். காலையில் பார்த்தால் உறைந்திருந்தது. எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்தேன், சொல்ல விட்டுப்போச்சு. அது கொஞ்சம் சொதப்பிடுச்சு. ஆனாலும் ஆபீசில் நாளைக்கு நூறு தடவை புழங்குகிற வார்த்தை இது. ‘சொதப்பல்’ என்பது அப்படியென்ன கெட்ட வார்த்தையா?
— பெயர் வேண்டாம், பெரம்பூர்.

பதில்: கெட்ட வார்த்தை இல்லை, தம்பி. வார்த்தைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் எழுந்துபோய் ஃப்ரிட்ஜைத் திறந்து, அந்தப் பெட்டியில் மிச்சம் இருக்கிறதா பாருங்கள். பென் என்கிற பேனா மாதிரியான ஊசிக் கருவியில் போடுகிற கார்ட்ரிட்ஜ், அதாவது மருந்துக் குழாய், ஒன்று 3 மில்லி, 300 யூனிட். ஐந்து உள்ள பெட்டி என்றால் 1500. உங்கள் அம்மாவுக்குப் போகிற கணக்கில் மூன்று வாரத்தில் தீராது, ஒன்றாவது உடைக்காமல் கிடக்கும். பென்னில் இருப்பதும் அதே பெட்டிதான். இரண்டையும் எடுத்துத் தனியாக வையுங்கள். இனி அதில் ஒரு சொட்டு அம்மா உடம்பில் ஏறக்கூடாது. அதற்காக ஒரு வேளை ஊசியை விட்டுவிடவும் கூடாது. மெடிக்கலில் புதுப் பெட்டி வாங்குங்கள், ராத்திரி ஊசிக்கு முன்னால் டாக்டருக்குப் போன் போடுங்கள்.

இன்சுலின் ஒரு புரதம். உறைந்தால் குலைந்துவிடும். இளகித் தண்ணீரானாலும் பழைய வேலையைச் செய்யாது. வெந்த முட்டையை ஆறவைத்தால் பச்சை முட்டை ஆகுமா? அப்படித்தான். பால் நிற வகை என்றால் உள்ளே திப்பிதிப்பியாகவோ, கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்தோ தெரியலாம். ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம். பார்க்க நன்றாக இருக்கிற அந்த மருந்தைத்தான் உங்கள் மனைவி மூன்று வாரமாக வேளை தவறாமல் போட்டுக்கொண்டிருக்கிறார்.

டாக்டருக்கு ஏன் போன் என்றால், அந்த 26 இருக்கிறதே, அதற்காக. அவர் 20-ஐ 26 ஆக்கியது மருந்து நல்ல மருந்து என்று நம்பி. நல்ல மருந்தை அதே 26-க்குத் திருப்பினால் அம்மாவுக்குச் சர்க்கரை தடாலென்று இறங்கலாம். “மருந்து உறைந்துபோயிருந்தது, நான் சொல்லவில்லை, புதுப் பெட்டிக்கு எத்தனை யூனிட்?” என்று இந்த வரிசையில், மழுப்பாமல் கேளுங்கள். அதற்குள் அம்மாவுக்குக் குப்பென்று வேர்த்து, கை நடுங்கி, பேச்சு தடுமாறினால் சோதித்துப் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். விழுங்க முடியாத நிலை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இப்போது வார்த்தை.

தண்ணீர் கூடிப்போய்ச் சொதசொதவென்று குழைந்த சோற்றை நினைத்துக்கொள்ளுங்கள். அரிசி இருந்தது, அடுப்பு இருந்தது, வடிக்கவும் தெரியும், அளவில் கை பிசகியது. இதுதான் சொதப்பல். அரிசி வாங்காமல் வந்தவனை யாரும் ‘சொதப்பிட்டான்’ என்பதில்லை, மறந்துட்டான் என்போம். வாங்கக் கொடுத்த காசை அமுக்கினவனுக்கு வேறு பெயர் இருக்கிறது. கடை மூடும்வரை ஃபோனை நோண்டிக்கொண்டிருந்தவன் கோட்டை விட்டான். நாலு பேர் நாலு மாதிரிச் சொல்லி ரேஷன் கார்டில் பெயர் மாறி வந்தால் அது குளறுபடி. காரியம் கையில் இருந்து, முடிக்கவும் தெரிந்து, கையாண்ட விதத்தால் கெடுத்தால் மட்டும்தான் சொதப்பல். வேலையைத் தொடாதவனால் சொதப்பவே முடியாது. அந்த அளவுக்கு இது வேலை செய்கிறவர்களின் வார்த்தை.

அதனால்தான் சொல்கிற வாயைப் பொறுத்து அதன் எடை மாறுகிறது. “மச்சான், நேத்து இன்டர்வியூல சொதப்பிட்டேன்டா” என்றால் கேட்பவனும் சிரிப்பான், டீ வாங்கித் தருவான். கடைசி ஓவரில் சொதப்பிய பந்துவீச்சாளரைச் சேப்பாக்கத்தில் மொத்தக் கூட்டமும் திட்டும், மறுநாள் மறந்துவிடும். கூடவே உட்கார்ந்து வேலை பார்க்கிறவன் சொன்னால் கிண்டல். ஆறு வருஷத்தில் ஒருநாள்கூட ஊசியைத் தொடாதவர், தொட்டவரைப் பார்த்து, அதுவும் தங்கை வீட்டுக்காரர் எதிரில் சொன்னால்? நீங்கள் ஆபீசில் சொல்கிற நூறில் அது சேராது.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறு. மனைவிக்கு ‘சொதப்பி வெச்சிருக்கா’ என்று எழுதியிருக்கிறீர்கள், உங்களுக்கு ‘சொதப்பிடுச்சு’. ஏன் தம்பி, எது சொதப்பிடுச்சு? ஃப்ரீசரா? மருந்துப் பெட்டி தானே ஏறிப்போய் ஐஸ் ட்ரே பக்கத்தில் படுத்துக்கொண்டதா? அவர் செய்தால் எழுவாய் பெண்பால், நீங்கள் செய்தால் எழுவாய் அஃறிணை! டம்ளருக்காவது உடைந்தது, உடைத்தாள் என்று தனித்தனி வடிவம் உண்டு. இந்த வினைக்கு ஒரே வடிவம்தான், ஆள் மேலும் ஏற்றலாம், பொருள் மேலும் தள்ளலாம். அந்தச் சந்தில்தான் நீங்கள் நுழைந்து வெளியே வந்துவிட்டீர்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். உங்கள் வீட்டில் பாவம் மாமியார் படுத்திருக்கிறார், அந்த வேலையை மகன் பார்க்கிறார்.

சரியாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். கெடக்கூடாது என்று நினைத்தீர்கள், வைக்கிற இடத்தில் தப்பினீர்கள். அது அசல் சொதப்பல், உங்கள் வீட்டில் நடந்த ஒரே சொதப்பல், நீங்கள் செய்தது. காலையில் கட்டியாக இருப்பதைக் கண்ணால் பார்த்தபிறகு சத்தமில்லாமல் கீழ்த்தட்டுக்கு மாற்றியதைச் சொதப்பல் கணக்கில் எழுத நான் விடமாட்டேன். ‘சொல்ல விட்டுப்போச்சு’ என்பதும் அதே அஃறிணைதான். ஒரு நாள் விட்டுப்போகலாம். 340 என்று ரிப்போர்ட் வந்த அன்றும், டாக்டர் ஊசி அளவைக் கூட்டிய அன்றும் விட்டுப்போகுமா? அதற்குப் பெயர் மறைத்தல். மறைத்ததைத் தங்கை எதிரில் அடுத்தவர் தலையில் கட்டியதற்குப் பெயர் பழி.

அவர் பேசாமல் இருப்பது ஒரு வார்த்தைக்காக என்று நினைக்கிறீர்கள். ஃப்ரீசர் விஷயம் அவருக்குத் தெரியாது என்பதும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. தன் கையில்தான் ஏதோ தப்பு என்று பன்னிரண்டு நாளாக அந்தப் பெண் ஒவ்வொரு ஊசியையும் பயந்து பயந்து போட்டுக்கொண்டிருப்பார். இன்று ராத்திரியே சொல்லிவிடுங்கள். “நான் ஃப்ரீசர்ல வெச்சேன், நான் சொல்லல, நீ சரியாத்தான் போட்ட” போதும். ‘ஆயிடுச்சு’, ‘போயிடுச்சு’ எதுவும் வேண்டாம்.

அப்புறம், பெற்ற தாய்க்கு ஊசி போட மகனுக்கு என்ன தடை? மருமகள் செய்தால் அது அவள் நல்ல மனசு. மகனுக்கு அது கடமை, இதில் எனக்கு இரண்டாவது பேச்சு கிடையாது. ராத்திரி ஊசி இனி உங்களுடையது, கற்றுக்கொள்ளுங்கள். உடைக்காத மருந்து ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கதவுத் தட்டிலோ நடுத்தட்டிலோ, பின்சுவரை ஒட்டாமல். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் என்றால் ஃப்ரீசருக்கு நேர் கீழ்த்தட்டும் வேண்டாம், அங்கேயும் உறையும். மெடிக்கலில் ஐஸ் பையோடு கொடுத்தால் பெட்டி ஐஸில் படாமல் துணி சுற்றிக் கொண்டுவாருங்கள். பென்னில் போட்டது வெளியிலேயே இருக்கலாம், 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில். பெரும்பாலான வகைகளுக்கு 28 நாள் கணக்கு, பெட்டிக்குள் இருக்கும் தாளில் உங்கள் வகைக்கு எத்தனை என்று பார்த்து, திறந்த தேதியைப் பென்னில் எழுதி ஒட்டுங்கள். அக்னி நட்சத்திரத்தில் பெரம்பூர் வீட்டுச் சமையலறை 30-ல் நிற்காது, அப்போது தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் ஈரம் புகாத டப்பாவில் வைக்கலாம்.

பால் நிற மருந்து என்றால் பென்னை உள்ளங்கைக்குள் பத்து தடவை உருட்டி, பத்து தடவை மேலும் கீழும் சாய்க்க வேண்டும், குலுக்கக் கூடாது. புது ஊசியை மாட்டி, 2 யூனிட் வைத்து மேல்நோக்கி அழுத்துங்கள், நுனியில் சொட்டு வந்தால்தான் உள்ளே காற்று இல்லை. பிறகு டாக்டர் சொல்லும் அளவு. வயிற்றில் தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் விட்டு, நேற்றுப் போட்ட இடத்திலிருந்து ஒரு விரல் தள்ளி. ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் கட்டி விழும், கட்டியில் போட்ட மருந்து ஒருநாள் இழுக்கும், ஒருநாள் இழுக்காது. அழுத்தி முடித்ததும் பத்து எண்ணிவிட்டு எடுங்கள். அவசரமாக உருவினால் மருந்து தோலிலேயே சொட்டிவிடும். ஊசியைக் கழற்றிவிட்டுத்தான் பென்னை மூட வேண்டும். முதல் இரண்டு வாரம் மனைவியைப் பக்கத்தில் நிற்கச் சொல்லிக் கேளுங்கள், நிற்பதும் நிற்காததும் அவர் இஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை தங்கையையும் மாப்பிள்ளையையும் சாப்பிட வரச் சொல்லுங்கள். அன்று அந்த ஹாலில் சொன்னதை அதே ஹாலில் திருத்திச் சொல்லிவிட்டு, ராத்திரி ஊசியை அவர்கள் எதிரில் நீங்களே போடுங்கள். கை நடுங்கும். பத்து வரை சத்தமாக எண்ணுங்கள்.