மேற்கு வெயிலுக்கு மேலே கூரை போட்டால் போதுமா?

கேள்வி: அக்கா, எங்கள் வீடு கோபாலபுரம் பக்கம், கேரள எல்லையிலிருந்து கூப்பிடு தூரம். பின்வாசலில் மேற்கே பார்த்த மாதிரி 14 அடி நீளம், 10 அடி அகலத்தில் மரப்பலகைத் தளம் போட்டு, மேலே 8 அடி உயரத்தில் தகர ஷீட்டும் போட்டோம். சாயங்காலம் காபியோடு உட்காரலாம் என்றுதான் அவ்வளவு செலவு செய்ததே. ஆனால் நாலரைக்கு முகத்தில் அடிக்க ஆரம்பிக்கிற வெயில் ஆறு மணி வரை விடுவதில்லை. பச்சை வலை கட்டினோம், ஆனிக் காற்றில் கிழிந்து பக்கத்துத் தோப்புக்கே போய்விட்டது. ஷீட்டை இன்னும் 4 அடி நீட்டலாம் என்கிறார் வீட்டுக்காரர். பேசாமல் சுவர் எழுப்பு என்கிறார் மாமனார். யார் சொல்வது சரி?

பதில்: ரெண்டுமே வேண்டாம். வீட்டில் சண்டை வந்தால் என் பேரைச் சொல்லிவிடுங்கள்.

முதலில் ஷீட். சூரியன் மணிக்குச் சுமார் 15 டிகிரி இறங்கும். சித்திரையில் உங்கள் ஊரில் ஆறரை வாக்கில் அஸ்தமனம் என்றால், ஐந்தரைக்கு அது அடிவானத்திலிருந்து 15 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். 8 அடி உயர ஷீட்டின் விளிம்புக்குக் கீழே புகுந்து 30 அடி உள்ளே வந்து விழும். நாலரைக்கே கிட்டத்தட்ட 14 அடி வரும், உங்கள் தளமே 10 அடிதான். இதில் 4 அடி நீட்டி என்ன ஆகப்போகிறது? பாலக்காட்டுப் பக்கம் பழைய வீடுகளில் இறவாரம் தலையில் இடிக்கிற மாதிரி தாழ்ந்து இருக்கும், பார்த்திருப்பீர்கள். உச்சி வெயிலுக்கு மேலே மறைப்பு, சாயங்கால வெயிலுக்குப் பக்கவாட்டில் மறைப்பு, அவ்வளவுதான் விஷயம்.

அப்படியென்றால் சுவர் சரிதானே என்று மாமனார் கேட்பார். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காத்துதான் நம் ஊருக்கே சொத்து, அதை அடைத்துவிட்டு உள்ளே ஃபேன் மாட்டுவீர்களா? சுவர்தான் வேண்டும் என்று அவர் நின்றால், கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளாவில் நிறையக் கட்டினாரே, அந்த மாதிரி ஓட்டை விட்ட செங்கல் ஜாலிச் சுவராகக் கட்டச் சொல்லுங்கள். வெயில் துண்டு துண்டாக விழும், காற்றும் வரும்.

நான் செய்வது இது: மூங்கில் தட்டி, சுருட்டி ஏற்றுகிற மாதிரி. தூணுக்கு வெளிப்பக்கம் தொங்கவிடுங்கள். நான் முதல் தடவை உள்பக்கம் கட்டிவிட்டேன், தட்டி சூடாகி அந்தச் சூடு முழுக்க நாற்காலிக்கே வந்தது. கீழே 2 அடி விட்டுவிடலாம், காலில் வெயில் பட்டால் குற்றமில்லை. கீழ் முனையைத் தூணோடு கட்டாவிட்டால் ராத்திரி முழுக்க டக் டக் என்று அடித்து யாரையும் தூங்கவிடாது.

அப்புறம் திசை. கோடையில் சூரியன் நேர் மேற்கில் விழுவதில்லை, மேற்கே பார்த்து நின்றால் வலது கைப்பக்கம் விலகும். ஜூன் கடைசியில் 24 டிகிரி வரை போகும், மார்கழியில் அதே அளவு இடப்பக்கம். அதனால் வலது பக்கவாட்டிலும் ஒரு 4 அடி மறைப்பு வையுங்கள். இல்லாவிட்டால் தட்டியைச் சுற்றிக்கொண்டு வந்து கண்ணில் குத்தும்.

வலையே போதும் என்றால் 50 அல்லது 75 சதவீத நிழல் வலை வாங்குங்கள், பச்சை வேண்டாம். பச்சை வலைக்குள் தக்காளிச் சட்னி கறுப்பாகத் தெரியும், வந்தவர்கள் கெட்டுப்போனது என்று நினைப்பார்கள். உங்கள் வலை கிழிந்ததற்குக் காரணம் அநேகமாகக் கட்டுக்கம்பி. ஓரத்தை ரெண்டு மடிப்பாக மடித்துத் தைத்து, பழைய சைக்கிள் டியூபை விரல் அகலத்துக்கு வெட்டி அதனால் கட்டிப் பாருங்கள், காற்று இழுக்கும்போது டியூப் நீளும், வலை தப்பிக்கும். இன்னும் சுலபம், வைகாசி முடிந்ததும் கழற்றி மடித்து வைத்துவிடுவது. ஆனி ஆடியில் சாயங்காலம் பாதி நாள் மேகம்தான், யாருக்காக அந்த வலை?

கேள்வி: தட்டி, வலை எல்லாம் அழகாக இல்லை. கொடி ஏற்றலாமா? எந்தக் கொடி? (வாசகர், குழித்துறை)

பதில்: தாராளமாக. அவரைக்கொடி மட்டும் வேண்டாம், ஆடியில் போட்டால் தை, மாசியில் காய்ந்துபோகும், வெயில் உக்கிரமாவதே அதற்கப்புறம்தான். கோவைக்கொடி நல்லது. பென்சில் தடிமனில் தண்டு வெட்டி நட்டால் போதும், தண்ணீர் விட்டால் கோடையிலும் பச்சை. காயை உங்கள் ஊர் வழக்கப்படி மெழுக்குப்புரட்டி செய்துகொள்ளலாம். சும்மா பார்க்க அழகாக வேண்டும் என்றால் நர்சரியில் கர்ட்டன் கிரீப்பர் கேளுங்கள், மேலே நட்டால் திரை மாதிரி தொங்கும், ஆனால் பொறுமை வேண்டும். எதுவானாலும் கொடியை ஷீட் மேல் படரவிடாதீர்கள், சருகு சேர்ந்து மழைத்தண்ணீர் போகிற வழியை அடைக்கும்.

கேள்வி: திரை போட்டாயிற்று. ஆனாலும் ஏழு மணிக்கும் டைல்ஸ் சுடுகிறதே? (வாசகி, ஊத்துக்கோட்டை)

பதில்: திரையை எத்தனை மணிக்கு இறக்குகிறீர்கள்? வெயில் கண்ணை உறுத்திய பிறகு என்றால், அதற்குள் டைல்ஸும் அடியில் இருக்கிற கான்கிரீட்டும் சூட்டைக் குடித்துவிட்டிருக்கும். இரண்டரைக்கே இறக்கிவிடுங்கள். ஐந்து மணிக்கு ஒரு வாளி தண்ணீர் தெளித்துத் தள்ளிவிட்டு, கயிற்றுப் பாய் விரித்து உட்காருங்கள்.