ஜனவரியில் டிஷ் பூட்டலாமா? முதலில் மேப்பிள் மரத்தைப் பாருங்கள்

கேள்வி: ஒன்ராறியோவின் மார்க்கம் நகரில் சொந்த வீடு, செங்கல் சுவர், பின்வளவில் இரண்டு மேப்பிள் மரங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவுக்காக பெல் சற்றலைற் ரீவி எடுக்கிறோம். ஜனவரி மூன்றாம் வாரம் டிஷ் பூட்ட ஆள் வருகிறார். நிலம் இறுகிவிட்டதால் கூரையில்தான் பூட்ட வேண்டும், அரை மணித்தியால வேலை என்கிறார். இந்தக் குளிரில் செய்யலாமா, மே வரை பொறுப்பதா?

பதில்: ஜனவரியிலேயே செய்யுங்கள். குளிரால் டிஷ்ஷுக்கு ஒன்றும் ஆகாது. ஆளைக் கூரையில் மட்டும் ஏற விடாதீர்கள்.

அவர் கூரையைக் கேட்பது நிலம் இறுகியதால் அல்ல. இந்தத் தொழிலில் பலருக்கு மணிக்கணக்குச் சம்பளம் கிடையாது. வீட்டுக்கு இவ்வளவு என்று கொன்றாக்ற் காசு. கூரையில் நாலு போல்ற்றை இறுக்கினால் உயரமும் கிடைக்கும், ஆளும் அடுத்த வீட்டுக்கு ஓடலாம். ஆனால் குளிரில் ஷிங்கிள், அதாவது கூரையில் அடுக்கியிருக்கும் தார் ஓடு, அப்பளம் மாதிரி. மிதித்தாலே ஓரம் உடையும். ஷிங்கிளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் தார்ப்பட்டை வெயில் சூட்டில்தான் பிடிக்கும். ஜனவரியில் கிளப்பிய ஷிங்கிள் வசந்தம் வரை ஒட்டாமல் கிடக்கும். மார்ச்சில் ஸ்னோ உருகும்போது போல்ற் ஓட்டை வழியே தண்ணீர் இறங்கி, படுக்கையறை முகட்டில் தேநீர்க் கறைபோல ஒரு வட்டம் விழும். அப்போது அழைத்தால் அவருடைய போன் அடித்துக்கொண்டே இருக்கும். கூரைக்கு உத்தரவாதம் இருந்தால் பெரும்பாலும் அதுவும் அன்றோடு முடிந்தது.

நிலத்தில் கம்பம் நடுவது ஜனவரி வேலை இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். நம் பக்கத்தில் நிலம் உறையும் ஆழத்துக்குக் கணக்கு 1.2 மீற்றர், அதாவது 4 அடி. அதற்கு மேலே நிற்கும் கொங்கிரீற்றை உறைபனி கிளப்பிவிடும். கம்பம் ஒரு பாகை சரிந்தாலே படம் போகும். உங்களுக்குத் தேவை தெற்குப் பக்கச் சுவர்.

இனி மரம். குளிர்காலத்தில் டிஷ் பூட்டுவதில் உள்ள மிகப் பெரிய பொறி இதுதான். இதைப் பற்றி யாரும் உங்களிடம் கதைக்க மாட்டார்கள். ஜனவரியில் மேப்பிள் வெறும் குச்சி. அதன் ஊடாக சிக்னல் வரும், அவருடைய மீற்றரும் நல்ல எண்ணைக் காட்டும், கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். மே நடுப்பகுதியில் இலை விரிந்ததும் படம் சதுரம் சதுரமாக உடையும், மழை பெய்தால் முழுவதுமாக நிற்கும். பிறகு டிஷ்ஷை இடம் மாற்ற இன்னொரு கட்டணம்.

இதை நீங்களே சோதிக்கலாம். பெல்லின் நிமிக் செய்மதிகள் மேற்குத் தீர்க்கரேகை 82, 91 பாகைகளில் நிற்கின்றன. மார்க்கத்திலிருந்து பார்த்தால் ஒன்று ஏறத்தாழ நேர் தெற்கு, மற்றது அதிலிருந்து சற்று மேற்கு. இரண்டும் வானத்தில் 38 முதல் 40 பாகை உயரம். ஜனவரி மூன்றாம் வாரத்தில் வெயில் எறிக்கும் ஒரு நாள், டிஷ் வரப்போகும் இடத்தில் பகல் 12:40க்கு நில்லுங்கள். கையை முழுதாக நீட்டி, விரல்களை மடக்கி, கைமுட்டியின் அடிப்பக்கத்தால் சூரியனை மறையுங்கள். வெறும் கண்ணால் சூரியனைப் பார்க்க வேண்டாம். முட்டிக்கு மேலே இன்னும் இரண்டு விரல் வையுங்கள். அந்த உயரத்தில்தான் முதல் செய்மதி. 1:30க்கு மறுபடி வந்து அதையே செய்தால் இரண்டாவது. விரல் காட்டும் இடத்தில் ஒரு கிளையாவது குறுக்கே நின்றால் அந்தச் சுவர் சரிவராது. மெல்லிய குச்சிதானே என்று விடாதீர்கள், இலை வருவது அந்தக் குச்சியில்தான்.

நாடாவால் அளக்க விரும்பினால்: டிஷ்ஷைவிட 10 அடி உயர்ந்த மரம் குறைந்தது 13 அடி தள்ளி நிற்க வேண்டும், 20 அடி உயர்ந்தது 26 அடி. மரம் வளரும் என்பதால் இன்னும் சில அடி சேர்த்துக்கொள்ளுங்கள். கைபேசித் திசைகாட்டியை நம்புவதானால், அது உண்மைத் தெற்கைக் காட்டும்படி மாற்றிவிடுங்கள். இங்கே காந்தத் திசைக்கும் உண்மைத் திசைக்கும் பத்துப் பாகையளவு வித்தியாசம்.

சுவரில் டிஷ்ஷின் அடி 6 அடி உயரத்தில் இருந்தால் போதும், நிலத்தில் நின்றே ஸ்னோ தட்டலாம். கூரையிலிருந்து ஸ்னோ சரிந்து விழும் இடமும் பனிக்கூர் தொங்கும் இடமும் வேண்டாம். பக்கச் சுவரில் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸின் வெள்ளைக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், உடுப்புக் காயவைக்கும் மெஷினின் வாயும் இருக்கும். அவற்றுக்குப் பக்கத்தில் டிஷ் போனால் வெளிவரும் ஈரக்காற்று அதன்மேல் ஐஸ் கட்டிவிடும். வெளியே ஸ்னோவே இல்லாத நாளில் படம் போகும், காரணம் யாருக்கும் விளங்காது.

கேபிள் ஆர்ஜி6 (RG6) என்ற வகையாக இருக்கட்டும். முதல் நாள் இரவே வீட்டுக்குள் வைத்துச் சூடாக்கச் சொல்லுங்கள். விறைத்த கேபிளை மடக்கினால் கறுப்புத் தோல் வெடிக்கும், உள்ளே போகும் ஈரம் செப்பைத் தின்னும். சுவர்த் துளை வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். துளைக்குள் நுழையுமுன் கேபிள் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏறவேண்டும், அப்போதுதான் தண்ணீர் வளைவில் சொட்டும். உறைபனி படிந்த செங்கல்லில் சிலிக்கோன் ஒட்டாது. துடைத்து, தலைமயிர் காயவைக்கும் மெஷினால் சூடாக்கிய பிறகு பூசட்டும்.

கேபிள் நுனியில் பூட்டும் கனெக்ரரை அமுக்குமுன் வாங்கிப் பாருங்கள். உள்ளே வெள்ளை நுரை அடிமட்டத்தோடு சமமாக இருக்க வேண்டும், நடுக்கம்பி விளிம்பைத் தாண்டி 3 மில்லிமீற்றர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், வலைக்கம்பியின் ஒரு மயிர்கூட அதைத் தொடக்கூடாது. கேபிளை வீட்டு மின்சாரக் கிறவுண்டோடு (எர்த்) இணைக்கும் வேலையைத்தான் அவசரக்காரர் முதலில் விடுவார். எங்கே இணைத்தீர்கள் என்று கேட்டு, காட்டச் சொல்லுங்கள்.

ரவுன்ஹவுஸ் (வரிசை வீடு), கொண்டோவில் (கண்டோமினியம் அடுக்குமாடி) இருப்பவர்களுக்கு ஒன்று. வெளிச்சுவர் பெரும்பாலும் பொதுச்சொத்து. உங்கள் யன்னலுக்குப் பக்கத்துச் சுவர் என்றாலும் அது உங்களுடையதல்ல. ஒரு மீற்றருக்குட்பட்ட டிஷ்ஷை எவரும் தடுக்க முடியாது என்று இணையத்தில் வாசிப்பது அமெரிக்காவின் 1996ஆம் ஆண்டு விதி. கனடாவில் அப்படி ஒன்று இல்லை. ஒன்ராறியோவில் கண்டோமினியம் சட்டத்தின் 98ஆம் பிரிவின்படி நிர்வாகசபையின் அனுமதியும் எழுத்து உடன்படிக்கையும் வேண்டும், அது காணிப் பதிவிலும் ஏறவேண்டும். 20 அங்குல டிஷ்ஷுக்கு இத்தனை கடதாசி! வயதான பெற்றோர் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் நாட்டில் இதற்கு ஓர் எளிய வழி வைக்க இத்தனை வருடமாக ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆனாலும் கடிதம் கையில் இல்லாமல் பூட்டாதீர்கள். கழற்றும் செலவும் ஓட்டை அடைக்கும் செலவும் உங்கள் தலையில்தான் வரும். "எல்லாரும் பூட்டியிருக்கினம்" என்று விற்பவர் சொல்வது அனுமதி ஆகாது.

விற்பவரைப் பற்றியும் சொல்லவேண்டும். ரொக்கம் தந்தால் மலிவு என்று பழைய ரிசீவரை, அதாவது ரீவியோடு இணைக்கும் பெட்டியை, தருவார்கள். முதல் சொந்தக்காரரின் கணக்கில் பாக்கி இருந்தால் அது உங்கள் பெயரில் இயங்காமல் போகலாம். காசு கொடுக்குமுன் ரிசீவரின் சீரியல் எண்ணை நிறுவனத்துக்குச் சொல்லிக் கேளுங்கள். அமெரிக்கச் சேவையைக் கள்ளமாக எடுத்துத் தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்புங்கள். கனடாவில் அது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2002இலேயே தீர்த்துவிட்டது. வீடு தேடி வந்து சுடுதண்ணீர்த் தாங்கி விற்பதை மாகாண அரசு 2018 மார்ச்சில் தடுத்தது, ரீவி விற்பவரை விட்டுவிட்டது. ஆனால் வீட்டில் வைத்துக் கையெழுத்திட்டிருந்தால், ஒப்பந்தப் பிரதி கிடைத்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம்.

வரும் நாளுக்கு முன் சுவரடியில் ஏணி நிற்க ஸ்னோ அள்ளி உப்புப் போட்டு வையுங்கள். குளிர்ந்த வான் வண்டியில் வந்த ரிசீவரை இரண்டு மூன்று மணித்தியாலம் அறையில் வைத்த பிறகே மின்சாரம் கொடுங்கள், உள்ளே வியர்த்திருக்கும். பிறகு ஈர ஸ்னோ ஒட்டினால் மெல்லிய தூரிகையால் தட்டுங்கள், சுடுதண்ணீர் ஊற்ற வேண்டாம்.

அவர் போகுமுன் இரண்டு செய்மதிக்கும் சிக்னல் எண் காட்டும் திரையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஜூனில் மேப்பிள் முழுதாக இலைவிட்டதும் அதே திரையைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். எண் இறங்கியிருந்தால் இரண்டு படங்களையும் வைத்துக்கொண்டு நிறுவனத்தை அழையுங்கள்.