பழைய ஜீப்பும் மலைத்தோட்டமும்: நீங்கள் கேட்டவை, நான் சொல்பவை

20 வருடமாக ஒரு மஹிந்திரா எம்எம்540 ஜீப் வைத்திருக்கிறேன், நடுவில் மாருதி ஜிப்ஸி ஒன்றும் சேர்ந்தது. இரண்டும் கீழ்ப்பழனி மலையில் மிளகு, காப்பித் தோட்டத்துக்கு மூட்டை ஏற்றி இறக்கத்தான். அதனால்தான் பழைய வண்டி வாங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதுகிறேன்.

அண்ணா, தாண்டிக்குடி பக்கம் நாலு ஏக்கர் வாங்கியிருக்கிறேன். கடைசி ரெண்டு கிலோமீட்டர் கல்லும் மண்ணும். எம்எம்540 வாங்கவா, ஜிப்ஸி வாங்கவா?

என்ன ஏற்றப் போகிறீர்கள் தம்பி? உரமூட்டை, வாழைத்தார், தண்ணி டிரம் என்றால் 540தான். பழசில் இருப்பது 2112 சிசி பெஜோ டீசல், அவசரமே படாது, ஆனால் குறைந்த சுற்றிலேயே இழுக்கும். ஜிப்ஸி எடை குறைவு, வழுக்கும் இடத்தில் அது பெரிய வரம், நாலு பேர் சேர்ந்து தள்ளினாலே வெளியே வந்துவிடும். ஆனால் பெட்ரோல், சுற்று ஏற்றினால்தான் பலம் வரும். ஜிப்ஸி என்றால் 2000க்கு அப்புறம் வந்த எம்பிஎஃப்ஐ, அதாவது கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை ஊசிமுனையால் பீச்சும் என்ஜின் பாருங்கள், 1300 சிசி, மேட்டில் கார்புரேட்டர் தொல்லை இல்லை. எதை வாங்கினாலும் முன்னச்சு வேலை செய்கிறதா என்று நீங்களே மண்ணில் ஓட்டிப் பாருங்கள். ஜீப் தோற்றத்தில், பின் சக்கரம் மட்டும் இழுக்கும் டூ வீல் வண்டிகள் நிறையவே வந்தன, ஃபோர் வீல் வண்டியிலேயே முன் ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிட்டவர்களும் உண்டு, ரோட்டில் ஓட்டினால் வித்தியாசம் தெரியாது.

ஹரியானாவில் மண்டி டப்வாலியில் செய்த ஜீப் ஒன்று, புதுசு மாதிரி பளபளவென்று இருக்கிறது. விலையும் குறைவு. எடுக்கலாமா சார்?

பெயிண்டைப் பார்க்காதீர்கள் சார், சேசிஸ் நம்பரைப் பாருங்கள். அந்த ஊரில் கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஆர்.சி.யில் 80களின் டூ வீல் வண்டி இருக்கும், எதிரில் நிற்பது வேறு என்ஜின், வேறு அகலம், வேறு பாடி. என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர், நிறம், எரிபொருள் நாலும் ஆர்.சி.யோடு பொருந்தி, அந்த மாநில என்ஓசியும் (தடையில்லாச் சான்று) கையில் வந்தால் மட்டும் முன்பணம் கொடுங்கள். பதிவு 15 வருடம் முடிந்திருந்தால் புதுப்பிக்க எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும், அங்கே இது எல்லாமே வெளியே வரும்.

நாலு இஞ்ச் லிஃப்ட், பெரிய டயர், முன்னால் இரும்பு பம்பர். முதலில் எதைச் செய்யட்டும் அண்ணா?

மூன்றையும் தள்ளி வையுங்கள். முதல் காசு பிரேக்குக்கு. 540க்கு நாலு சக்கரத்திலும் டிரம், கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி இறங்கும்போது பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் பாதியில் பெடல் இருக்கும், பிரேக் இருக்காது. ஷூ, சிலிண்டர், ஹோஸ் எல்லாம் புதுசாகப் போட்டு, இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்கப் பழகுங்கள். ரெண்டாவது ஸ்டியரிங். மூன்றாவது ரேடியேட்டர், ஏனென்றால் மலையேற்றத்தில் லோ கியரில் என்ஜின் கத்திக்கொண்டிருக்கும், காற்று உள்ளே வராது. இந்த மூன்றும் சரியாகாமல் உயரத்தை ஏற்றுவது ஆபத்தை ஏற்றுவதுதான்.

டயர் கணக்கு சொல்கிறேன். ஜிப்ஸியின் 205/70 ஆர்15 டயர் சுமார் 668 மிமீ உயரம். 235/75 ஆர்15 போட்டால் 733. அச்சுக்கு அடியில் உங்களுக்குக் கிடைப்பது அதில் பாதி, 33 மிமீ, அவ்வளவுதான். அதற்கு விலையாக ஸ்பீடோமீட்டர் 50 காட்டும்போது நீங்கள் 55ல் போவீர்கள், இழுவையும் பத்தில் ஒரு பங்கு போகும். ஜிப்ஸியின் டிரான்ஸ்ஃபர் கியர் விகிதம் ஹையில் 1.409, லோவில் 2.268, ஏற்கெனவே பெரிய வித்தியாசம் இல்லை, அதையும் டயரில் தின்றுவிட்டால் மேட்டில் கிளட்ச்தான் அழும். லிஃப்ட் பண்ணினால் ஷாஃப்ட் சாய்ந்து, அதன் மூட்டில் இருக்கும் கிராஸ் சீக்கிரம் போகும். ஸ்பிரிங் பட்டை உட்கார்ந்துவிட்டதா? நல்ல பட்டறையில் பிரித்து, வளைவு ஏற்றி, ஷேக்கிள் புஷ் மாற்றுங்கள். வண்டி தன் பழைய உயரத்துக்கு வந்தாலே முக்கால்வாசிப் பேருக்குப் போதும்.

சட்டமும் இருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 182ஏ படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். இரும்பு பம்பர் கூடாது என்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. நடந்து போகிறவர் மேல் அது பட்டால் என்ன ஆகும் என்று யோசித்தால் எனக்கும் அதில் மறுப்பு இல்லை.

50ஐத் தாண்டினால் ஸ்டியரிங் கைக்குள் நிற்காமல் உதறுகிறது. அலைன்மென்ட் பார்த்தும் போகவில்லை.

அலைன்மென்ட் கடையில் தீராது. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் கிங்பின் பேரிங் அல்லது வீல் பேரிங். பக்கவாட்டில் ஆடினால் டை ராடு. கூடவே ஸ்டியரிங் பாக்ஸ் உட்காரும் இடத்தில் சேசிஸில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள், என் 540ல் அங்கேதான் இருந்தது, கிரீஸும் மண்ணும் மூடியிருந்ததால் மூன்று மாதம் யார் கண்ணிலும் படவில்லை. ஸ்டியரிங் டேம்பர் மாட்டி மறைக்காதீர்கள். இது தீரும்வரை வண்டியை எடுக்கவே வேண்டாம்.

கோவில்பட்டி பக்கம் எங்கள் நிலம் கரிசல். மழையில் போக எந்த டயர் நல்லது?

எந்த டயரும் இல்லை ஐயா. கரிசல் நனைந்தால் டயரில் அப்பி, மட்கார்டு வரை அடைத்து, சக்கரம் வெறும் உருண்டையாகிவிடும், மட் டயர் போட்டிருந்தாலும் அதேதான். ஒருமுறை 200 மீட்டர் போக நாலு மணி நேரம் மண்வெட்டியோடு நின்றேன். வெயில் அடித்து மேல்மண் இறுகட்டும், அதுவரை வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு நடங்கள்.

மணலில்?

திருச்செந்தூர் பக்கத் தேரி மாதிரி மணல் என்றால் காற்றைக் குறையுங்கள், 30 பிஎஸ்ஐயில் இருப்பதை 18க்குக் கொண்டு வந்தால் டயர் நீளமாகப் படிந்து மேலே மிதக்கும். வெளியே வந்ததும் காற்றடிக்காமல் ரோட்டில் ஓடாதீர்கள். சின்ன கம்ப்ரசர் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். தேரியில் பெரும்பகுதி காப்புக்காடு, அனுமதி இல்லாமல் உள்ளே போக வேண்டாம்.

ஓடை தாண்டியபின் பின்பக்க ஹவுசிங் (பின்னச்சு கியர்கள் இருக்கும் கூடு) ஆயில் மோர் மாதிரி இருக்கிறது.

தண்ணீர் போயிருக்கிறது. சூடான ஹவுசிங் சட்டென்று குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகவோ பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாகவோ தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆயிலை இன்றே மாற்றுங்கள், நாளை என்று விட்டால் பேரிங்கும் கிரவுன் பல்சக்கரமும் துரு பிடிக்கும். பிரீதரில் ரப்பர் டியூப் மாட்டி உயரத்துக்குக் கொண்டு போங்கள், சில நூறு ரூபாய் வேலை, நான் மனதாரச் சொல்லும் முதல் மாற்றம் இதுதான். ஓடையில் இறங்கும் முன் பத்து நிமிடம் நிறுத்தி ஆற விடுங்கள், நடந்து ஆழமும் பாருங்கள். தாண்டியதும் லேசாகப் பிரேக்கை மிதித்துக்கொண்டே கொஞ்ச தூரம் போனால் டிரம் காயும். நடுவில் என்ஜின் நின்றுவிட்டால் திரும்ப செல்ஃப் அடிக்கவே கூடாது, சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு ஓட்டலாமா?

கூடாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓடும், இந்த வண்டிகளில் நடுவில் அதைச் சமாளிக்க எதுவும் இல்லை. வழுக்கும் தரையில் மட்டும்.

நான் தனியாகத்தான் சிறுமலைத் தோட்டத்துக்குப் போய்வருவேன், சில நாள் அப்பாவும் வருவார். வண்டியில் என்ன வைத்துக்கொள்ள வேண்டும்?

நல்ல கேள்வி அம்மா. ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், ஃபியூஸ், 10 லிட்டர் தண்ணீர், மண்வெட்டி, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு தடிப்பலகை. ஜிப்ஸி என்றால் கிளட்ச் கேபிளும். இழுக்கும் கயிற்றை பம்பரிலோ டிரெய்லர் குமிழிலோ மாட்ட விடாதீர்கள், அறுந்து பறந்தால் ஆளைக் கொல்லும், சேசிஸோடு போல்ட் போட்ட கொக்கி முன்னும் பின்னும் வேண்டும். இழுக்கும்போது அப்பாவைக் கயிற்றின் நீளத்தைவிடத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். கிளம்பும்போது வீட்டில் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள், மேலே எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது.