கல் அடுக்கும் அந்த இருபது நிமிடங்கள்

கேள்வி: எனக்கு வயது 47. சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கணவர் விசைத்தறி ஓட்டுகிறார். மகன் படிப்புக்காக வெளியூர் போன பிறகு, இரண்டு ஆண்டுகளாக எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. நடு இரவில் வியர்த்து விழித்துக்கொள்கிறேன். தைராய்டு குறைவுக்காக ஆறு ஆண்டுகளாக மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். சென்ற மாதம் ஈரோட்டில் நடந்த இரண்டு நாள் கிரிஸ்டல் கிரிட் வகுப்புக்குப் போய், 14,000 ரூபாய் கொடுத்துக் கற்கள் அடங்கிய பெட்டி ஒன்றை வாங்கி வந்தேன். தினமும் அதிகாலையில் அவற்றை வட்டமாகவும் அறுகோணமாகவும் அடுக்கி, நடுவில் அமர்ந்து தியானம் செய்கிறேன். நாள் முழுவதிலும் அந்த இருபது நிமிடம் மட்டும்தான் என் மனம் அடங்குகிறது. தொண்டைக்கு எதிரே நீலக் கற்களை வைத்து அடுக்கினால் தைராய்டு தானாகச் சரியாகிவிடும் என்று வகுப்பில் சொன்னதால் 12 நாட்களாக மாத்திரையை நிறுத்திவிட்டேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டாம் நிலை வகுப்புக்கு 35,000 ரூபாய் கேட்கிறார்கள். 5,000 முன்பணம் கட்டிவிட்டேன். கணவர் கேலி செய்கிறார். மாமியாரோ, யார் வீட்டுக் கல்லோ சாமி அறைக்குள் வரக் கூடாது என்கிறார். நான் செய்வது சரியா? கற்களில் உண்மையிலேயே சக்தி இருக்கிறதா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தில் கல்லைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் என் கண் நின்றது மாத்திரையைப் பற்றிய அந்த ஒற்றை வரியில். ஆகவே மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைச் சொல்லிவிடுகிறேன். நாளைக் காலையிலேயே பழைய அளவில் மாத்திரையைத் தொடங்கிவிட்டு, இந்த வாரத்துக்குள் உங்கள் மருத்துவரைப் பார்த்து, 12 நாட்கள் நிறுத்தியிருந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்து இரட்டையாக விழுங்க வேண்டாம். 12 நாட்கள் ஆகியும் உடம்பு நன்றாக இருக்கிறதே என்று நீங்கள் நினைப்பதில் தவறில்லை. அந்த மருந்தின் இயல்பே அப்படித்தான். நீங்கள் விழுங்கும் தைராக்ஸின் இரத்தத்தில் பாதியாகக் குறைவதற்கே ஏறக்குறைய 7 நாட்கள் ஆகும். எனவே நிறுத்திய முதல் இரண்டு வாரங்களில், முன்பு சாப்பிட்ட மாத்திரையின் மிச்சத்தில்தான் உடம்பு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த மிச்சம் செய்கிற வேலைக்குத்தான் நீலக் கல் பெயர் வாங்கிக்கொள்கிறது. அசதி, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முகவீக்கம் எல்லாம் மெதுவாக, வாரக்கணக்கில் வந்து சேரும். அப்போது வகுப்பில் அடுக்கு சரியில்லை என்றோ, உங்கள் நம்பிக்கை போதவில்லை என்றோ சொல்வார்களே ஒழிய, மாத்திரையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, காபிக்கு அரை மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகள் இருந்தால் நான்கு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். ஆறு முதல் எட்டு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகு எடுக்கும் டிஎஸ்எச் என்ற தைராய்டு இரத்தப் பரிசோதனைதான் உண்மையைச் சொல்லும். நடு இரவில் வியர்த்து விழிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 47 வயதில் அது மாதவிடாய் நிற்கும் காலத்தின் அறிகுறியாக இருக்கலாம், மாத்திரையின் அளவு கூடிப்போனதாகவும் இருக்கலாம். இரண்டுக்குமே வழி உண்டு என்பதால், மகனைப் பிரிந்த ஏக்கம் என்று மட்டும் எண்ணி அதை விட்டுவிட வேண்டாம்.

இனிக் கல்லுக்கு வருகிறேன். படிகக் கல்லில் சக்தி இருக்கிறது என்று சொல்கிறவர்கள் வழக்கமாகக் காட்டும் சான்று குவார்ட்ஸ் கடிகாரம். அதில் பாதி உண்மை இருக்கிறது. 1880இல் பிரான்சில் ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர்கள், குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னூட்டம் தோன்றுகிறது என்று கண்டறிந்தார்கள். மின்சாரம் கொடுத்தால் அதே படிகம் அதிரும் என்பது அதன் மறுபக்கம். கைக்கடிகாரத்துக்குள் இருக்கும் சிறு குவார்ட்ஸ் துண்டு நொடிக்கு 32,768 முறை அதிர்வதும் இப்படித்தான். ஆனால் செல் தீர்ந்த கடிகாரம் என்ன ஆகிறது என்பது வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரியும். படிகம் அங்கேயேதான் இருக்கிறது, துடிப்பு மட்டும் நின்றுவிடுகிறது. வெளியிலிருந்து ஒன்று கொடுத்தால் மறுமொழி தரும் பொருள் அது; தானாக எதையும் சுரக்கும் பொருள் அல்ல.

இதைத் தெரிந்துகொள்ள நீங்கள் ஈரோடு வரை போயிருக்கவே வேண்டாம். உங்கள் ஊர்க் காட்டு வழியில் வெள்ளை வெளேரென்று கிடக்கும் வெங்கச்சங்கல்லும், அந்தப் பெட்டியில் வெல்வெட் துணிக்குள் இருக்கும் கிளியர் குவார்ட்ஸும் ஒரே சிலிக்கா; ஒன்று தெளிவாக வளர்ந்தது, மற்றொன்று கலங்கி வளர்ந்தது, அவ்வளவுதான் வேறுபாடு. சிறு வயதில் இரவு நேரத்தில் போர்வைக்குள் புகுந்துகொண்டு இரண்டு வெங்கச்சங்கற்களை ஒன்றோடொன்று அழுத்தி உரசியிருப்பீர்கள். கல்லுக்குள்ளேயே மஞ்சளாக ஒரு வெளிச்சம் ஓடும், கருகிய வாடை ஒன்று மூக்கில் ஏறும். உரசுகிற கை நின்றால் அந்த வெளிச்சமும் நின்றுவிடும். கல்லில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்ற உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான விடை எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் நீங்கள் உணர்ந்த அமைதி பொய்யா என்றால், இல்லை. லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் உளவியலாளர் கிறிஸ்டோபர் பிரெஞ்ச் 2001இல் ஒரு சோதனையின் முடிவை அறிவித்தார். 80 பேரைத் தியானத்தில் அமர்த்தி, சிலரது கையில் உண்மையான குவார்ட்ஸையும் சிலரது கையில் போலிக் கல்லையும், எது எதுவென்று அவர்களுக்குத் தெரியாமல் கொடுத்தார். கை சிலிர்த்தது, சூடு பரவியது, மனம் இலேசானது என்று இரு தரப்பினரும் ஏறத்தாழ ஒரே மாதிரி சொன்னார்கள். இன்னின்ன உணர்வுகள் வரக்கூடும் என்று முன்கூட்டிச் சொல்லப்பட்டவர்களுக்கு அவை இன்னும் கூடுதலாகத் தெரிந்தன. இதைப் படித்துவிட்டு எல்லாம் பிரமை என்று முடிவு கட்டுகிறவர்களோடு நான் முழுவதும் உடன்பட மாட்டேன். போலிக் கல்லை வைத்திருந்தவர்களுக்கும் மனம் இலேசானது அல்லவா? அந்த இலேசு கல்லிலிருந்து வரவில்லை, அமைதியாக உட்கார்ந்ததிலிருந்தும் எதிர்பார்ப்பிலிருந்தும் வந்தது என்பதுதான் அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

கிரிட் என்பதில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். நடுவில் ஒரு கல், சுற்றிலும் சம தூரத்தில் ஆறு, அதற்கு வெளியே இன்னும் ஆறு. வேண்டுதலை ஒரு தாளில் எழுதி நடுக்கல்லுக்கு அடியில் வைத்துவிட்டு, கூரான ஒரு கல்லால் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுக் கண்ணுக்குத் தெரியாத கோடு ஒன்றை இழுத்து முடிக்க வேண்டும். கை ஒன்றைச் செய்ய, கண் அதையே தொடர, மனத்துக்கு வேறு எங்கும் போக நேரம் இருப்பதில்லை. மார்கழி மாதத்தில் வாசலில் புள்ளி வைத்து, ஒரு புள்ளியும் விட்டுப் போகாமல் கம்பி இழுத்து முடிக்கும்போது உங்களுக்கு இதே அடக்கம் வந்திருக்கும். நம் பக்கத்தில் பட்டிப் பொங்கலன்று தொழுவத்தில் சாணத்தால் தெப்பக்குளம் கட்டி, நீர் நிரப்பி, பூ வைத்து முடிக்கிற வரை வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் அந்தச் சதுரத்தையே சுற்றிச் சுற்றி வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே சாணத்தின் விலையை யாரும் கேட்பதில்லை.

ஆகவே அடுக்குவதை நீங்கள் நிறுத்த வேண்டியதில்லை. அதற்குப் பெட்டிதான் வேண்டும் என்பதும் இல்லை. தறி ஓடுகிற வீட்டில் ஒன்றரை அடி காடாத் துணிக்குப் பஞ்சம் இருக்காது. அதைத் தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, நான்கு அங்குல நூலின் ஒரு முனையைத் துணியின் நடுவில் பிடித்துக்கொண்டு, மறுமுனையில் சாக்பீஸைக் கட்டி ஒரு வட்டம் போடுங்கள். அதே நூலை வட்டத்தின் விளிம்பில் ஒரு புள்ளியிலிருந்து நேராக நீட்டி, அது தொடும் இடத்தில் அடுத்த புள்ளி வையுங்கள். அங்கிருந்து மறுபடி நீட்டுங்கள். ஆறாவது முறை நூல் தொடங்கிய புள்ளிக்கே பிசகாமல் வந்து சேரும். எத்தனை முறை செய்தாலும் அந்தக் கடைசிப் புள்ளியில் ஒரு சிறு மகிழ்ச்சி எனக்கு இன்னும் வருகிறது. அந்த ஆறு புள்ளிகளையும் நடுவாகக் கொண்டு அதே நூலால் ஆறு வட்டங்கள் போட்டால், வகுப்பில் ‘உயிரின் விதை’ என்ற பெயரில் உங்களுக்கு அச்சடித்துக் கொடுத்திருக்கக்கூடிய ஏழு வட்டப் படம் கிடைத்துவிடும். குவார்ட்ஸ் படிகத்தின் குறுக்குவெட்டும் அறுகோணம்தான். கல் சிறியதோ பெரியதோ, கோணிப்போய் வளர்ந்ததோ, அதன் பட்டை முகங்களுக்கு இடையிலான கோணம் மட்டும் மாறுவதில்லை என்று 1669இலேயே டென்மார்க் அறிஞர் நிக்கோலஸ் ஸ்டெனோ எழுதி வைத்தார். இதில் வியக்க எவ்வளவோ இருக்கிறது, வியப்பதற்கு யாரும் கட்டணம் கேட்கவும் முடியாது.

கல்லின் மேல் நம் மண்ணுக்கு இருக்கும் உரிமையையும் மறந்துவிடாதீர்கள். உங்கள் ஊருக்கு அருகே நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணல், பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று பேசப்படுகிற ஊர். அங்கே நடந்த அகழாய்வுகளில் பெரில் எனப்படும் பச்சைக்கல், குவார்ட்ஸ், செவ்வந்திக்கல், சூதுபவளம், கார்னெட் ஆகியவற்றில் செய்த மணிகளும், துளையிடாமலும் மெருகேற்றாமலும் பாதியில் நின்றுபோன மணிகளும் கிடைத்திருக்கின்றன. காங்கேயம் அருகே படியூரில் பச்சைக்கல் சுரங்கம் இருந்தது. இவ்வளவு கல்லையும் கையாண்டவர்களின் வழிவந்தவர் நீங்கள். கல்லின் தரத்தைப் பார்த்து வாங்குவதில் ஏமாறக் கூடாது.

உங்கள் பெட்டியை ஒரு முறை சோதித்துப் பாருங்கள். உருண்டையாக இருக்கும் கிளியர் குவார்ட்ஸை ஒரு தலைமுடியின் மேல் வைத்து, மெதுவாகத் திருப்பித் திருப்பி மேலிருந்து பாருங்கள். உண்மையான குவார்ட்ஸ் என்றால் ஏதோ ஒரு திசையில் முடி இரண்டாகத் தெரியும். கண்ணாடி உருண்டை எப்படித் திருப்பினாலும் ஒரே முடியைத்தான் காட்டும், பல நேரங்களில் உள்ளே சிறு காற்றுக் குமிழும் இருக்கும். மஞ்சள் நிற சிட்ரின் என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி, ஊதா நிறச் செவ்வந்திக்கல்லைச் சூடேற்றி நிறம் மாற்றியது. அது போலி ஆகாது, ஆனால் இயற்கையான சிட்ரினுக்குரிய விலையும் ஆகாது. செலனைட் குச்சி இருந்தால் அது ஜிப்சம், நகத்தாலேயே கீறலாம். கற்களை உப்புத் தண்ணீரில் ஊற வைத்துச் சுத்தி செய்யச் சொல்லியிருந்தால் அந்தக் குச்சியை மட்டும் விலக்கி வையுங்கள், மெருகு போய்விடும்.

35,000 ரூபாய் வகுப்புக்குப் போக வேண்டாம் என்று தெளிவாகவே சொல்கிறேன். முதல் நிலையில் மாத்திரையை நிறுத்தும் அளவுக்கு ஒருவரைத் துணிய வைத்தவர்கள், இரண்டாம் நிலையில் எதைச் சொல்வார்கள் என்று நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. இரத்த அழுத்தம், நீரிழிவு, புற்றுநோய் முதலிய நோய்களை மந்திரம், தாயத்து போன்றவற்றால் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். தைராய்டு பற்றி அவர்கள் அச்சடித்த தாளோ, வாட்ஸ்அப் செய்தியோ இருந்தால் அழிக்காமல் வைத்துக்கொண்டு, முன்பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வாங்கிய பெட்டியைப் பற்றி வருந்திக்கொண்டிருக்க வேண்டாம். அழகான கற்கள் என்ற அளவில் அவை வீட்டில் இருக்கட்டும்.

கணவரின் கேலிக்கு ஒரு வார்த்தை: பாவும் ஊடையும் ஓர் இழை தப்பினாலும் தறியை நிறுத்திப் பார்க்கிறவருக்கு, பன்னிரண்டு கற்களைச் சம தூரத்தில் வைக்கும் ஆசை புரியாமல் போகாது. நூலைக் கையில் கொடுத்து அந்த ஆறாவது புள்ளியை அவரையே வைக்கச் சொல்லுங்கள். மாமியாரின் தயக்கம் வேறு வகை. சாமி அறையில் எது இருக்க வேண்டும் என்பதில் அவருக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. சிவன்மலை முருகன் கோயிலில் பக்தர் ஒருவரின் கனவில் வந்த பொருளைக்கூட, சாமியிடம் பூ கேட்டு உத்தரவான பிறகுதான் கோயிலின் உத்தரவுப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். உங்கள் கற்களுக்குத் திண்ணையோ, மகனின் காலியான அறையோ போதுமே. சொல்லப்போனால் மகனின் அறையே நல்லது என்று எனக்குப் படுகிறது. அதிகாலையில் அங்கே ஒருவர் உட்கார்ந்து எழுந்தால் அந்த அறையின் வெறுமையும் கொஞ்சம் குறையும்.

கடைசியாக, கற்களுக்குச் சக்தி ஏற்ற வெயிலில் வைக்கும்படி வகுப்பில் சொல்லியிருப்பார்கள். செவ்வந்திக்கல்லும் ரோஸ் குவார்ட்ஸும் வெயிலில் நாளடைவில் வெளுத்துவிடும். உருண்டைக் கல்லோ பூதக்கண்ணாடியைப் போல வெயிலை ஒரே புள்ளியில் குவிக்கும். பஞ்சும் நூலும் பறக்கிற வீட்டில் அதை ஜன்னலோரத்தில் வைக்கவே வேண்டாம். அடுக்கி முடித்ததும் காடாத் துணியிலேயே சுற்றி அலமாரிக்குள் வைத்துவிடுங்கள்.