விளக்குக் கண்ணாடியில் ஈரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு வயது நாற்பத்தாறு, வங்கியில் வேலை. பிளஸ் டூவில் வேதியியலை மனப்பாடம் செய்தே தேறினேன். இப்போது ஆசை வந்து ஓராண்டில் பதினொரு அறிமுக நூல்கள் வாங்கி, ஏழு படித்துவிட்டேன். படிக்கும்போது புரிகிறது, மூடிவைத்தால் எதுவும் நிற்பதில்லை. எந்த வரிசையில் படிக்க வேண்டும்? தமிழிலா, ஆங்கிலத்திலா? கணிதம் அவசியமா?

க.

அன்புள்ள க.,

எந்த மொழியில் தூக்கம் வரவில்லையோ அதில் படியுங்கள். கணிதத்துக்கு அவசரமில்லை, மோல் கணக்கு (ஒரு பொருளில் எத்தனை துகள்கள் என்று எண்ணும் கணக்கு) வரும்போது அதுவே வந்து கழுத்தைப் பிடிக்கும். வரிசையைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய நூல் பட்டியலை இங்கே வெட்டிவிட்டேன். அவ்வளவு நீளக் கடிதத்தில் ஒரு பொருளின் பெயர்கூட இல்லை, கவனித்தீர்களா? உப்பு இல்லை, சுண்ணாம்பு இல்லை, துரு இல்லை. ஏழு புத்தகம் படித்த மனிதர் ஒரு தீக்குச்சியைக்கூட உரசிப் பார்க்கவில்லை. பிளஸ் டூவில் செய்ததைத்தான் இப்போதும் செய்கிறீர்கள், விலை கூடிய புத்தகங்களை வைத்துக்கொண்டு.

லண்டனில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகிய மைக்கேல் ஃபாரடே, கட்ட வந்த நூல்களையே படித்து வளர்ந்தவர். வேதியியலுக்குள் அவரை இழுத்தது ஜேன் மார்செட் எழுதிய அறிமுக நூல். ஓர் ஆசிரியையும் இரண்டு மாணவிகளும் பேசிக்கொள்வதாக அமைந்தது. அதில் கரோலின் என்ற பெண் வாய்த்துடுக்குக்காரி, எனக்குப் பிடித்தவள். வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு முதலில் திணறியவர்தான் மார்செட். ஃபாரடே அந்த நூலை நம்பிவிடவில்லை. கையிலிருந்த காசுக்கு முடிந்த சிறு சோதனைகளைச் செய்து, அதில் சொன்னது சரிதானா என்று பார்த்தார். சரியாக இருந்த பிறகுதான் பற்றிக்கொண்டார். பெரிய விஞ்ஞானியான பின்பும் தன் கட்டுரைகளை அந்த அம்மையாருக்கு நன்றியோடு அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஃபாரடே 1860 கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்களுக்கு ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். ஆறும் ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றி. அவை அடுத்த ஆண்டே நூலாயின. அதை நான் முப்பது வயதுக்கு மேல்தான் படித்தேன். சுடரிலிருந்து தண்ணீர் பிறக்கிறது என்று அவர் காட்டும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன்.

சிறுவயதில் மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடியைத் துடைப்பது என் வேலை. பழைய வேட்டித் துணியில் சாம்பலைத் தொட்டு, உள்ளே கைவிட்டு, கரி போகத் தேய்க்க வேண்டும். திரியை ஏற்றிக் கண்ணாடியை மாட்டியதும் உட்புறம் மூச்சு விட்டதுபோல் மங்கும். சற்று நேரத்தில் தெளிந்துவிடும். "ஈரத்தோடு மாட்டினால் வெடித்துவிடாதா?" என்று அம்மா முதுகில் ஒன்று வைப்பார். துணியில் ஈரமே இல்லை என்று அழுதிருக்கிறேன்.

ஈரம் எண்ணெயிலிருந்து வந்தது, க.! மண்ணெண்ணெயில் உள்ள ஹைட்ரஜன் எரியும்போது காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகிறது. குளிர்ந்த கண்ணாடியில் அது பனிக்கிறது. கண்ணாடி சூடேறியதும் மறைகிறது. அம்மாவிடம் போய் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் தினமும் ஒழுங்காகத்தான் துடைத்தாயா?" என்றார்.

பன்னிரண்டாவது புத்தகம் வாங்காதீர்கள். ஒரு மெழுகுவர்த்தி வாங்குங்கள். நன்றாக எரியவிட்டு ஊதி அணையுங்கள். திரியிலிருந்து எழும் வெண்புகையில், திரிக்கு இரண்டு விரற்கடை மேலே எரியும் தீக்குச்சியைக் காட்டுங்கள். நெருப்பு புகை வழியே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். எரிவது மெழுகுக் கட்டியா, வேறொன்றா என்று எனக்கு எழுதுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் புகை கலைந்துவிடும்.