ஐந்து ஒரு பக்கம், நாலு ஒரு பக்கம்

கேள்வி: பள்ளி ஆண்டு விழாவில் என் பையனுக்கு ராவணன் வேஷம். 'என் பத்துத் தலையும் காமம், குரோதம், லோபம் என்று பத்து கெட்ட குணங்கள்' என வசனம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என் மாமனாரோ, 'நாலு வேதம், ஆறு சாஸ்திரம், ஆக பத்து' என்று அடித்துச் சொல்கிறார். எது சரி?
- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: இரண்டிலும் கூட்டல் சரியாக வருகிறது. கோளாறே அதுதான்! அதே பத்தை வைத்து ஆளைத் திட்டவும் முடிகிறது, மெச்சவும் முடிகிறது. எண்ணிக்கை முதலில் வந்துவிட்டது; சரக்கைப் பிறகு தேடி அடுக்கியிருக்கிறார்கள்.

வால்மீகியில் ராமன் ஒரு தலையை அறுத்தால் அதே இடத்தில் இன்னொன்று முளைக்கிறது. நூறு விழுந்தும் ஆள் சாகவில்லை. தலைக்கொரு குணம் என்றால் முதல் அம்பில் காமம் தொலைந்திருக்கும், அடுத்ததில் கோபம். பத்தாவதில் ராவணன் பரம சாதுவாகி, ராமனுக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்து வழியனுப்பியிருப்பான்! கடைசியில் தேரோட்டி மாதலி நினைவூட்ட, பிரம்மாஸ்திரம் பாய்ந்தது மார்பில்.

மெட்ரோ ஏறித் திருவொற்றியூர் தேரடியில் இறங்கினால் தியாகராஜர் கோயில். அங்கே வட்டப்பாறை அம்மன், கம்பன் ராத்திரியில் ராமாயணம் எழுதத் தீப்பந்தம் பிடித்தாள் என்பது ஊர்க்கதை. அந்த வெளிச்சத்தில் கம்பன் தேடியதும் நெஞ்சைத்தான். செத்துக் கிடக்கும் புருஷன் உடம்பில் எள் வைக்க இடமில்லாமல் அம்பு துளைத்திருப்பதைப் பார்க்கிறாள் மண்டோதரி. சானகி மேல் வைத்த காதல் உள்ளே எங்காவது ஒளிந்திருக்குமோ என்று ராமனின் அம்பு தடவித் தேடியதோ, என்கிறாள். அந்தப் பாட்டில் தலையைப் பற்றிப் பேச்சே இல்லை.

மாமனாரையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ராவணன் கற்றவன்தான். கயிலையைத் தூக்கி, சிவன் கால்விரலில் நசுங்கி, பாடியே வரம் வாங்கியவன். சம்பந்தர் பதிகங்களில் எட்டாம் பாட்டு பெரும்பாலும் அவனுக்குத்தான். ஆனால் அதற்கும் தலைக்கணக்கு தேவையில்லை.

வேஷத்துக்கு வருகிறேன். நடுவில் பையன் முகம் போக மீதி ஒன்பது. எப்படி ஒட்டினாலும் ஒரு பக்கம் ஐந்து, மறுபக்கம் நாலுதான் வரும். தெர்மாகோலே ஆனாலும் ஐந்து உள்ள பக்கம் சாயும். நாலு உள்ள பக்கத்துக் கடைசி முகத்தின் பின்னால் இரண்டு ஐந்து ரூபாய் நாணயத்தை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். வசனம் மறந்தால் போகட்டும், பிள்ளைக்குக் கழுத்து வலிக்கக் கூடாது.